பழைய இயந்திரமா, பழகிய சோம்பலா?

நம் இல்லங்களில் பீரோவின் உச்சி ஒரு தனி உலகமாகும். ஒருமுறை அங்கே ஏறிய பொருள் மீண்டும் தரையைக் காண்பது அரிது. வளைகுடாவிலிருந்து மருமகன் கொணர்ந்த ரொட்டி சுடும் கருவி, ஒரே ஒரு பெருநாளுக்குப் பயன்பட்ட அரைவை இயந்திரம், கம்பி அறுந்த இஸ்திரிப் பெட்டி ஆகிய யாவும் பழைய கைலித் துணியைப் போர்த்திக்கொண்டு அங்கே நிரந்தரத் துயில் கொள்கின்றன. சடையங்குப்பத்தில் நாம் குடியிருக்கும் வீட்டின் பீரோ மீதும் ஓராண்டுக் காலம் ஒரு பொருள் அவ்வாறு கிடந்தது. அது ஒரு பழைய எஸ்பிரஸ்ஸோ காப்பி இயந்திரம்.

துறைமுகப் பக்கத்தில் பழம்பொருள் விற்கும் ஒருவரிடம் எண்ணாயிரம் ரூபாய்க்கு நம் குடும்பத்து இளைஞர் ஒருவர் அதனை வாங்கிவந்தார். வந்த முதல் வாரம் வீடு திருவிழாக் கோலம் பூண்டது. தெருவில் உள்ளோரெல்லாம் ஆளுக்கொரு கோப்பை அருந்திச் சென்றனர். இரண்டாம் மாதம் காப்பியில் ஒரு கசப்பு ஏறியது. நான்காம் மாதம் கைப்பிடியின் விளிம்பில் வெந்நீர் கசிந்தது. எட்டாம் மாதத்து விடியற்காலை ஒன்றில் இயந்திரம் பெருமூச்சு விட்டு முனகியதேயன்றி ஒரு சொட்டும் இறங்கவில்லை. உடனே குடும்ப மன்றம் கூடித் தீர்ப்பு வழங்கியது. “அப்போதே சொன்னேனே, பிறர் கழித்ததை வீட்டுக்குள் கொண்டுவராதே என்று!” என்றார் மாமி. “பழையதை வாங்கினால் இப்படித்தான்” என்றார் சாச்சா. இயந்திரம் பீரோ மேல் ஏறிற்று.

இத்தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை. குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியது அந்த இயந்திரமன்று, நாமே. அந்த எட்டு மாதங்களில் ஒருநாளேனும் எவரேனும் அதன் சல்லடைத் தட்டைக் கழற்றிப் பார்த்ததுண்டா? நீர்த்தொட்டியை மாற்றிக் கழுவியதுண்டா? பால் நுரைக்கும் குழலைத் துடைத்ததுண்டா? இல்லை. ஒரு பொருளைப் பேணாது கெடுத்துவிட்டு, அது பழையது என்பதால் கெட்டது என்று சாட்சி சொல்வது எவ்வகை நியாயம்?

பழிக்கு ஆளான பானம்

குற்றத்தைப் பொருளின் மீது சுமத்தும் வழக்கம் காப்பிக்குப் புதிதன்று. 15-ஆம் நூற்றாண்டில் ஏமன் நாட்டு ஸூஃபிகள் இரவு வணக்கத்திற்கு விழித்திருக்கும்பொருட்டு அருந்திய ‘கஹ்வா’வே உலகெங்கும் பரவிய காப்பி. 1511-ஆம் ஆண்டு மக்காவில் காயிர் பெக் என்னும் அதிகாரி இப்பானத்திற்குத் தடை விதித்தார். மக்கள் கூடிப் பேசுவது அவருக்கு உறுத்தியது. பழியோ பானத்தின் மீது விழுந்தது. கெய்ரோவிலிருந்த மேலாட்சி அத்தடையை நிலைக்கவிடவில்லை. ஏமனின் முகா துறைமுகத்திலிருந்து ஏழு விதைகளைக் கொணர்ந்து சிக்கமகளூர் மலையில் பாபா புதன் ஊன்றினார் என்பது 17-ஆம் நூற்றாண்டைச் சார்ந்த மரபுச் செய்தி. அம்மலைத் தொடர் இன்றளவும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆகவே காப்பியின் வரலாறு நம் வரலாற்றுக்கு அந்நியமன்று.

எஸ்பிரஸ்ஸோ என்பதோ இத்தாலியர் ஆக்கம். 1884-இல் தூரின் நகரத்து ஆஞ்செலோ மொரியோந்தோ நீராவியால் காப்பி இறக்கும் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். 1901-இல் மிலான் நகரத்து லூயிஜி பெட்செரா கைப்பிடியுடன் கூடிய வடிவத்தை அமைத்தார். நீராவியின் மெல்லிய அழுத்தத்தை விடுத்து, நெம்புகோலால் வெந்நீரை உயர் அழுத்தத்தில் செலுத்தும் முறையை இரண்டாம் உலகப் போரை அடுத்து நடைமுறைக்குக் கொணர்ந்தவர் அக்கீலே காஜ்ஜா. 1961-இல் ஃபயேமா நிறுவனத்தின் இ-61 இயந்திரத்தில் மின்சாரப் பம்ப் அவ்வேலையை ஏற்றுக்கொண்டது. அன்று தொட்டு முறை பெரிதும் மாறவில்லை. நைஸாக அரைத்த தூளின் ஊடே, காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு அழுத்தத்தில், கொதிநிலைக்குச் சற்றுக் குறைந்த 90 முதல் 96 பாகை வெந்நீர், 25 அல்லது 30 விநாடியில் ஊடுருவி இறங்குகிறது. நம் ஊர்த் திருமண மண்டபங்களில் ‘எக்ஸ்பிரஸோ’ என்ற பெயரில் நீராவியால் பாலைப் பொங்கவைத்துக் கொக்கோத் தூள் தூவித் தருவது இதனின் வேறு என்பதையும் வாசகர் அறிக.

இதனை ஏன் இவ்வளவு விரித்துரைக்கிறோம்? இவ்வியந்திரம் ஒரு பாத்திரமன்று. சூடும் அழுத்தமும் நீரும் எண்ணெய்ப் பசையும் ஒருங்கே புழங்கும் ஒரு சிறு ஆலை. நம் சுற்றுவட்டாரமோ ஆலைகளுக்குப் பேர்போனது. மணலியிலும் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் பணிபுரிந்து மூன்று தலைமுறை வளர்ந்திருக்கிறது. பாய்லர் என்றால் குறித்த காலத்தில் நிறுத்தி, திறந்து, சுரண்டி, சோதிக்க வேண்டும் என்பது இவ்வூர்த் தொழிலாளர் இல்லத்துச் சிறுவனும் அறிந்த செய்தி. ஆலை வாயிலில் அறிந்த அந்த அறிவு வீட்டு வாயிலில் ஏன் நம்மைக் கைவிடுகிறது?

இரு அழுக்கு, இரு மருந்து

ஓராண்டுக்குப் பின் நாம் அதனைக் கீழே இறக்கினோம். மின்கம்பியைப் பிடுங்கி, ஆவிக் குழலைத் திறந்து எஞ்சிய அழுத்தத்தை வெளியேற்றி, முற்றும் ஆறிய பின்னரே கை வைத்தோம். இம்மூன்றையும் செய்யாது இயந்திரத்தைத் திறக்க முற்படுவோர் தம் கையையும் கண்ணையும் பணயம் வைக்கின்றனர்.

உள்ளே கண்டது வெட்கத்திற்குரியது. வெந்நீர் தெளிக்கும் சல்லடைத் தட்டின் துளைகள் கரிய பிசினால் அடைபட்டிருந்தன. அது காப்பிக்கொட்டையின் எண்ணெய். நாட்பட்டு, சிக்கெடுத்து, சூட்டில் இறுகியது. ரப்பர் வாஷர் கல்லாக இறுகி விளிம்பில் வெடித்திருந்தது. ஆவிக் குழலின் நுனியில் எட்டு மாதத்துப் பால் சுட்டுக் காய்ந்து ஒட்டியிருந்தது. நீர்த்தொட்டியின் அடியில் பச்சை வழவழப்பு. பாய்லருக்குள்ளும் அதிலிருந்து வரும் குழாயிலுமோ வெண்மையான சுண்ணப் படிவு! வெந்நீர்க் ‘கீஸர்’ கம்பியின் மீது உப்புப் படிந்து காண்பதில்லையா? அதே படிவு. இத்தனையையும் கடந்து வந்த நீரைத்தான் விருந்தினர்க்கு உபசாரமாக வழங்கினோம்!

இங்கேதான் நம்மவர் கைவைத்தியத்தோடு சண்டையிட வேண்டியிருக்கிறது. ஒருவர் வினிகர் ஊற்று என்கிறார். மற்றவர் சலவைத் தூள் போடு என்கிறார். மூன்றாமவர் கழிவறை கழுவும் திராவகத்தையே பரிந்துரைக்கத் துணிகிறார். நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுப்பது போன்றது இது. இவ்வியந்திரத்தில் சேரும் அழுக்கு இருவகை. ஒன்று, நீர் விட்டுச் செல்லும் சுண்ணப் படிவு. அது புளிப்புப் பொருளுக்கே கரையும். மற்றொன்று, காப்பி விட்டுச் செல்லும் எண்ணெய்ப் பிசின். அது காரப் பொருளுக்கே நெகிழும். வினிகரை எத்தனை லிட்டர் ஊற்றினும் எண்ணெய்ப் பிசின் அசையாது. காரத் தூளை எத்தனை கரண்டி கொட்டினும் சுண்ணம் கரையாது. இந்த ஒரே உண்மையை உணர்ந்திருந்தால் பாதி இயந்திரங்கள் பீரோ மேல் ஏறியிரா.

சுண்ணத்திற்கு உரியது சிட்ரிக் அமிலம். நம் மளிகைக் கடைகளில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைப்பது. ஒரு லிட்டர் நீருக்கு 20 முதல் 30 கிராம் கரைத்துத் தொட்டியில் ஊற்றி, கைப்பிடி வழியாகச் சிறிதும் ஆவிக் குழல் வழியாகச் சிறிதும் இறக்கி, கால்மணி நேரம் ஊறவிட்டு, மீண்டும் இறக்க வேண்டும். தொட்டி தீர்ந்ததும் இரண்டு மூன்று தொட்டி நல்ல நீரைச் செலுத்திக் கழுவ வேண்டும். வினிகரும் சுண்ணத்தைக் கரைக்குமாயினும் அதன் நெடி எளிதில் அகலாது. ரப்பருக்கும் அது நன்றன்று. ஓர் எச்சரிக்கை: பாய்லர் பித்தளையா, எவர்சில்வரா, அலுமினியமா என்பதை முதலில் தெரிந்துகொள்க. அலுமினியத்தை அமிலம் அரிக்கும். தயாரிப்பாளர் குறிப்பேட்டைப் பாராமல் அதில் எதையும் ஊற்றலாகாது. நெடுநாட் படிவு பாளம் பாளமாகப் பெயர்ந்து குழாயை அடைத்துக்கொள்வதும் உண்டு. அந்நிலையில் பழுது பார்ப்பவரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை.

எண்ணெய்ப் பிசினுக்கு உரியது காப்பி இயந்திரங்களுக்கென்றே விற்கும் துப்புரவுத் தூள். சல்லடைத் தட்டையும் வடிகட்டிக் கிண்ணத்தையும் கழற்றி, வெந்நீரில் அத்தூளைக் கரைத்து இருபது நிமிடம் ஊறவைத்துத் தேய்த்தால், உள்ளிருந்து வடியும் கரிய நீரே நம் சோம்பலின் சாறு! மரம் அல்லது பிளாஸ்டிக் பிடியையும் அலுமினிய உறுப்புகளையும் அதில் அமிழ்த்தலாகாது, அலுமினியம் கறுத்துப்போகும். துளையில்லாத கிண்ணத்தில் தூளிட்டு, நீரைப் பின்னோக்கிச் செலுத்திக் கழுவும் முறை மூன்றுவழி வால்வு உள்ள இயந்திரங்களுக்கு மட்டுமே உரியது. அவ்வால்வு இல்லாத சிறு இயந்திரத்தில் அதனைச் செய்வது அழுத்தத்தை உள்ளே அடைத்து வைத்து, கைப்பிடியைக் கழற்றும்போது முகத்தில் பீறிடச் செய்வதாகும். இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்கிறோம்: பிளீச்சிங் கரைசலையும் அமிலத்தையும் ஒருபோதும் ஒன்று கலவாதீர். எழும் வாயு நஞ்சு. உயிருக்கே உலை வைக்கும்.

நீரின் மீது பழி போடலாமா?

“நம் ஊர்த் தண்ணீரில் எதுதான் உருப்படும்?” என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வியில் பாதி நியாயம் உண்டு. மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீர் வரம்பின்றி உறிஞ்சப்பட்டதால் கடல்நீர் நிலத்தினுள் புகுந்ததை 1960-களின் இறுதியிலிருந்தே ஆய்வாளர் எடுத்துரைத்து வந்துள்ளனர். எண்ணூர், திருவொற்றியூர் சுற்றுவட்டாரத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரை வாயில் வைப்பவர் அதன் உவர்ப்பை நாவால் அறிவர். 2010-இல் காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் தொடங்கப்பட நேர்ந்ததே வடசென்னையின் தண்ணீர் நிலைக்குச் சான்று. சடையங்குப்பம் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. கேன் தண்ணீரின் பிடியிலிருந்து இங்குள்ள இல்லங்கள் இன்னும் முற்றாக விடுபட்டுவிடவில்லை.

எனினும் நீர் கெட்டது என்பது பேணாமைக்குச் சமாதானமாகுமா? கெட்ட நீர் உள்ள ஊரில்தான் கூடுதல் பேணுதல் வேண்டும். இந்தியத் தர நிர்ணயம் 10500 (2012) குடிநீரின் கடினத்தன்மைக்கு விரும்பத்தக்க அளவாக லிட்டருக்கு 200 மில்லிகிராமையும், வேறு நீர் கிடையாதபோது பொறுத்துக்கொள்ளத்தக்க அளவாக 600 மில்லிகிராமையும் வகுத்துள்ளது. மனிதன் 600 வரை பொறுத்துக்கொள்வான், பாய்லர் பொறுக்காது. குளோரைடு மிகுந்த உவர்நீரின் தீங்கு இன்னும் கொடியது. சுண்ணமாவது அமிலத்திற்குக் கரையும். குளோரைடோ எவர்சில்வரிலும் ஊசித் துளைகளை ஏற்படுத்தும். அதற்கு மருந்தே இல்லை. உப்பிட்டு நீரை மென்மையாக்கும் கருவியும் குளோரைடை நீக்காது. ஆகவே கிணற்று நீரை இவ்வியந்திரத்தில் ஊற்றவே கூடாது.

அப்படியானால் சுத்திகரிப்பு இயந்திரத்தின் நீர் போதுமா என்றால், முற்றும் சத்து நீங்கிய நீர் காப்பிக்குச் சுவை தராது. சிலவகை இயந்திரங்களில் நீரின் மட்டத்தை உணரும் கம்பியும் அதனை நீரென அறியாது. ஓரளவு தாது எஞ்சிய, கடினம் குறைந்த நீரே ஏற்றது. கடினத்தை எவ்வாறு அளப்பது என்று மலைக்க வேண்டா. வண்ண மீன் வாணிகத்திற்குப் பெயர்பெற்ற கொளத்தூர் நமக்கு அண்மையில்தான் இருக்கிறது. மீன்தொட்டி நீரைச் சோதிக்கும் சொட்டு மருந்து அத்தகைய கடைகளில் கிடைக்கும். மீனுக்கு நல்ல நீர் வேண்டும் என்று அக்கறை கொள்ளும் நாம், விருந்தினர்க்கு அதனைக் கொள்ளலாகாதா?

மூன்று மறுப்புகள்

முதல் மறுப்பு: “இவ்வளவு தொல்லைக்குப் புதியதையே வாங்கிவிடலாமே!” புதியதற்குச் சுண்ணம் படியாதா? புதியதன் ரப்பர் இறுகாதா? இன்று புதியதை வாங்கிப் பேணாதவன், எட்டு மாதம் கழித்துப் பழையதை உடையவன் ஆகிறான். பன்மடங்கு விலை கொடுத்து என்பதே வேற்றுமை. நம் இயந்திரத்தை மீட்க ஆன செலவு என்ன? ஒரு ரப்பர் வாஷர், ஒரு பொட்டலம் எலுமிச்சை உப்பு, ஒரு டப்பா துப்புரவுத் தூள், ஒரு வெள்ளிக்கிழமைப் பிற்பகல். ஆயிரம் ரூபாயைத் தொடவில்லை. எண்ணாயிரத்தைப் பீரோ மேல் தூங்கவிட்டு, ஆயிரத்தை மிச்சப்படுத்தினோம் என மகிழ்ந்திருந்தோமே, இதற்கு வீண் விரயம் என்பதன்றி வேறு பெயர் உண்டா?

வீசியெறிந்தால் அப்பொருள் எங்கே செல்கிறது என்பதையும் வடசென்னையில் வாழும் நாம் பிறர் சொல்லி அறிய வேண்டியதில்லை. நகரம் கழித்ததையெல்லாம் பல பத்தாண்டுகளாகச் சுமந்தது கொடுங்கையூர். மின்னணுக் கழிவு பற்றிய புதிய விதிகள் 2023 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்துள்ளன. விதி தாளில் இருக்கிறது. கம்பியை எரித்துச் செம்பெடுக்கும் புகையோ நம் குழந்தைகளின் மூச்சில் இருக்கிறது. நாம் கழிக்கும் ஒவ்வொரு பொருளும் நம் வாசலுக்கே திரும்பி வருகிறது என்பதை மறத்தலாகாது.

இரண்டாம் மறுப்பு: “டபராவும் பில்டரும் இருக்க, இந்த ஆடம்பரம் எதற்கு?” இம்மறுப்பை நாம் மதிக்கிறோம். பித்தளைப் பில்டரில் இறங்கிய காப்பிக்கு எவ்வகையிலும் குறைவில்லை. அதனைப் பேணுவதும் எளிது. பேண இயலாதவர் அதனோடு அமைவதே சிறப்பு. நாம் சொல்வது, எஸ்பிரஸ்ஸோ வாங்குக என்பதன்று. வாங்கினால் பேணுக என்பதே. அன்றியும், அந்தப் பில்டரின் துளைகளை மட்டும் நாம் ஒழுங்காகத் துலக்குகிறோமா? அடைபட்டால் அடுப்பில் சுட்டுத் தட்டுகிறோம்; மீண்டும் அடைபட விடுகிறோம். சோம்பலுக்கு இயந்திரமும் பில்டரும் ஒன்றே.

மூன்றாம் மறுப்பு: “உதிரிப்பாகம் கிடைப்பதில்லை.” இதில் உண்மை உண்டு. வாஷரைக்கூடத் தனியே விற்காமல், புதியதையே வாங்கு என்று சொல்லும் வாணிபம் பெருகிவிட்டது. 2022 ஜூலையில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமை குறித்துக் குழு அமைத்தது. 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் அவ்வுரிமைக்குச் சட்டமே இயற்றிற்று. ஆனால் உரிமையைக் கேட்கும் தகுதி, கடமையைச் செய்தவனுக்கே அழகு. தட்டைக் கழற்றிப் பாராத நாம், பாகம் கிடைக்கவில்லை என்று புலம்புவது பொருந்துமா? நாம் தேடியபோது, வாஷரின் உள்விட்டமும் வெளிவிட்டமும் கனமும் அளந்து எடுத்துச் சென்றதனால் மூன்றாவது கடையிலேயே அது கிடைத்துவிட்டது.

விற்போரே, கேளுங்கள்

பழம்பொருள் வாணிபம் இழிவானதன்று. பர்மாவிலிருந்து 1960-களில் உடுத்த துணியோடு திரும்பிய தமிழ்க் குடும்பங்களைக் கடற்கரைச் சாலையின் பர்மா பஜார் வாழவைத்தது. நம் சடையங்குப்பத்திலும் பர்மா நகர் என்றொரு பகுதி அவ்வரலாற்றைப் பெயரில் தாங்கி நிற்கிறது. பிறர் பயன்படுத்திய பொருளைத் துலக்கி மீண்டும் பயனுக்குக் கொணர்பவர் சமுதாயத்திற்குத் தொண்டு செய்கிறார். ஆனால் துலக்காமல் மினுக்கி விற்பவர்? வெளித்தகட்டில் மெருகேற்றி, உள்ளே சுண்ணத்தை மறைத்து, “நேற்றுவரை ஓடியது” என்று கூறுபவர்? தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியிலிருந்த ஈரத்தைக் கண்டு, அதனை மேலே வைக்காதது ஏன் என்று வணிகரைக் கடிந்த நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றை நாம் ஆண்டுதோறும் மேடைகளில் கேட்கிறோம். அந்த ஈரத் தானியம் இன்று பாய்லருக்குள் இருக்கிறது.

இதில் உயிராபத்தும் உண்டு. கொசஸ்தலையாற்று வெள்ளம் நம் பகுதிக்கு அறிமுகமற்றதன்று. 2015, 2021 ஆகிய ஆண்டுகளின் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணெய் கலந்த நீர் எண்ணூர்க் கழிமுகத்துக் குடியிருப்புகளுள் புகுந்ததையும் நாம் மறக்கவில்லை. ஒவ்வொரு வெள்ளத்திற்குப் பின்னும், நீரில் மூழ்கிய மின்பொருள்கள் உலர்த்தப்பட்டுச் சந்தைக்கு வரும் வாய்ப்பு உண்டு. வெள்ளத்தில் நனைந்த இயந்திரத்தின் மின்காப்பு கெட்டிருக்கலாம். தொட்டவரை அது தாக்கலாம். 110 வோல்ட்டுக்கென அமைந்த அயல்நாட்டு இயந்திரத்தை நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் எரிந்துபோகும். இவற்றைச் சொல்லி விற்பது விற்பவர் கடன். கேட்டு வாங்குவது வாங்குபவர் கடன். வாங்குமுன் ஓடவிட்டுப் பாருங்கள். கைப்பிடி நடுக்கோட்டைத் தாண்டித் தளர்ந்து சுழல்கிறதா என நோக்குங்கள். அடித்தகட்டில் வோல்ட் அளவைப் படியுங்கள். திருகாணிகளில் துருவும் சேற்றுக் கோடும் தென்படின் விலகுங்கள். வீட்டில் நிலத்தொடர்புள்ள மூன்று முனைச் செருகியிலன்றி வேறெதிலும் இணையாதீர்கள்.

கழுவுவது எவர்?

இறுதியாக, எவரும் பேச விரும்பாத ஒன்றைப் பேசியாக வேண்டும். இயந்திரத்தை வாங்கியவர் ஆண். நண்பர்களை அழைத்து நுரை காட்டிப் பெருமை பேசியவர் ஆண். கழுவ வேண்டியவர் யார் என்ற கேள்வி எழுந்ததும் அத்தனை பேரும் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தனர். ஐந்து வேளைச் சமையலோடும் பிள்ளைகளோடும் மல்லாடும் பெண்ணுக்கு, தான் கேளாத, தனக்கு எவரும் இயக்கக் கற்றுத்தராத ஓர் இயந்திரத்தின் துப்புரவும் கூடுதல் சுமையாக வந்து சேர்ந்தது. அவர் ஈரத் துணியால் மேற்புறத்தைத் துடைத்தார். உள்ளே எப்படித் திறப்பது என்பதை எவரும் அவருக்குச் சொல்லவில்லை. பழுதானபோது, “சரியாகக் கழுவவில்லை” என்ற பழிச்சொல் மட்டும் அவருக்குக் கிடைத்தது.

இதுவே நாம் எழுதத் துணிந்ததன் காரணம். நாயகம் (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே செப்பனிட்டார்கள் என்று உரைப்பதில் நாம் பெருமிதம் கொள்கிறோம். அவ்வுரையைக் கேட்டு வீடு திரும்பியதும், தாம் குடித்த கோப்பையை அப்படியே மேசையில் விட்டு எழுகிறோம். காப்பியைக் குடிப்பவர் எவரோ, தட்டைக் கழற்றிக் கழுவ வேண்டியவரும் அவரே. இது இரக்கமன்று, நீதி.

செய்ய வேண்டியவைதாம் எத்தனை? நாள்தோறும் ஆவிக் குழலைப் பால் காயுமுன் ஈரத் துணியால் துடைத்து ஒரு விநாடி ஆவி விடுதல். கசண்டை உடனே தட்டி, சல்லடைத் தட்டின் வழியே வெறும் நீரை ஓடவிடுதல். இரவில் தொட்டியைக் கவிழ்த்து வைத்தல். வாரந்தோறும் கிண்ணத்தையும் தட்டையும் கழற்றித் தூளில் ஊறவைத்தல். அரைவைக் கருவியின் பற்களைத் தூரிகையால் துலக்குதல். நீரின் கடினத்திற்கேற்ப இரண்டு அல்லது மூன்று மாதங்களுக்கு ஒருமுறை சுண்ணம் நீக்குதல். ஆண்டுக்கொருமுறை வாஷரை மாற்றுதல். நாளொன்றுக்கு மூன்று நிமிடம்! வாயிற்படியில் நின்று அரசியல் பேசும் நேரத்தில் நூற்றில் ஒரு பங்கு.

நம் வீட்டு இயந்திரம் இப்போது இயங்குகிறது. அது புதியதாகிவிட்டது என்று பொய்யுரைக்க மாட்டோம். ஆவிக் குழலின் திருகு இன்னும் சற்றுக் கசிகிறது. பம்ப் பழைய லாரியைப் போல் உறுமுகிறது. ஆயினும் காப்பியில் கசப்பில்லை. சென்ற வாரம் மாமி ஒரு கோப்பை அருந்தி, ஒன்றும் சொல்லாமல், இன்னொன்று கேட்டார். வாங்கிவந்த இளைஞர், தாமே எழுந்து, தட்டைக் கழற்றிக் கழுவிவிட்டுப் பின்னர் அமர்ந்தார்.

வாசக அன்பர்களே! இன்று மாலை உங்கள் இல்லத்துப் பீரோவின் உச்சியை ஒருமுறை அண்ணாந்து நோக்குங்கள். அங்கே துணி போர்த்திக் கிடக்கும் பொருளை இறக்கித் திறந்து பாருங்கள். அது பழையதாயிருந்ததால் கெட்டதா, நாம் பாராமல் விட்டதால் கெட்டதா என்பதை உங்கள் மனச்சான்றே கூறட்டும்.